ஒரு படத்துக்கு மட்டும் தடை

எங்கள் ஆவணக்காப்பக இணையதளத்தின் பச்சை நிறம் நான் தேர்ந்தெடுத்ததல்ல. இதை முதலில் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது இயக்குநர் துர்துபெக்கின் ரசனை. அந்த வருஷம் அவர் மனைவி வீட்டுக்கு அதே பச்சையில் திரைச்சீலை வாங்கியிருந்தார். மற்றபடி அந்தத் தளத்தில் உள்ள நல்லது கெட்டது எல்லாம் என் கைவேலைதான்.

என் பெயர் குபானிச்பெக். குபானிச் என்றால் எங்கள் கிர்கிஸ் மொழியில் மகிழ்ச்சி. பெயருக்கேற்ற ஆள்தான் நான். கராகோலில் யார் வீட்டில் விருந்து என்றாலும் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். இறந்த வீட்டில்கூட ஒருமுறை சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அதற்கு நன்றி சொல்கிறார்கள்.

எனக்கும் என் மனைவி தமீராவுக்கும் குழந்தை பிறக்கவில்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பெண்ணைத் தத்தெடுத்தோம். அப்போது அவளுக்கு இரண்டு வயது. அங்கே அவளை ஐஜார்கின் என்று கூப்பிட்டார்கள். நாங்கள் பெகிமாய் என்று மாற்றினோம். இடது காதுக்குப் பின்னால் அவரை விதை மாதிரி ஒரு மச்சம். தூங்க வைக்கும்போது தினமும் அதில்தான் முத்தம் கொடுப்போம். தத்தெடுத்த விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

அவள் வளர்ந்து பல் மருத்துவம் படிக்கப் போனாள். அந்தச் சமயத்தில் இல்லத்தை மூடினார்கள். அங்கே வளர்ந்த குழந்தைகளின் போட்டோக்கள் ஆப்பிள் பெட்டிகளில் எங்கள் காப்பகத்துக்கு வந்தன. பிரிந்துபோனவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கட்டும் என்று துர்துபெக் எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றச் சொன்னார். நான்தான் ஸ்கேன் செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், பிறந்த தேதி, உடம்பில் உள்ள அடையாளம். மூன்றாவது பெட்டியில் என் மகள் இருந்தாள். மொட்டைத் தலை, கையில் ஒரு மரக்கரண்டி.

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்படிப்பட்டவன் அல்ல. அதையும் ஏற்றினேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். தேடுபொறிகள் போட் என்று சில நிரல்களை அனுப்பும். அவை தபால்காரர் மாதிரி தளம் தளமாகப் போய், எங்கே என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரும். அவை குறித்து வந்தது மட்டும்தான் தேடுகிறவனுக்குக் கிடைக்கும். தளத்தின் வாசலில் ஒரு சிறிய கோப்பு இருக்கும். இந்த அறைக்குள் வராதே என்று அதில் எழுதி வைத்தால் மரியாதை தெரிந்த போட் உள்ளே போகாது. அது பூட்டு இல்லை. கதவு திறந்தே இருக்கும்.

போட்டோக்கள் இருக்கும் இடத்துக்குள் அவற்றை விடுவதா வேண்டாமா என்று நானும் துர்துபெக்கும் பேசினோம். ஒரு மத்தியான நேரம், சமோசாவைப் பிட்டுக்கொண்டே பேசினோம்.

"ரெண்டுலயும் நியாயம் இருக்கு ஐயா," என்றேன். "உள்ள விட்டா, பெத்தவ தன் புள்ள பேரை அடிச்ச உடனே படம் வந்துடும். ஆனா பொண்ணு பாக்க வர்றவனும் பேரை அடிச்சுப் பாப்பான். இல்லத்துல வளந்தவளான்னு ஊர் வாயில ஒரு பேச்சு வரும்."

"விடலேன்னா?"

"ஆப்பிள் பெட்டில கிடந்தது இங்கயும் அப்படியே கிடக்கும்."

"பெட்டிலயே கிடக்கறதுக்கா என் மருமகன்கிட்ட கெஞ்சி ஸ்கேனர் வாங்கிட்டு வந்தேன்? அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். தொறந்து விடுப்பா."

திறந்துவிட்டேன். ஒரு படத்தை மட்டும் தனி அறையில் வைத்து, வாசல் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுதினேன். பொதுப் பட்டியலிலும் அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டுகிற யாரும் பார்த்திருக்கலாம். ஆகவே நான் மறைத்தேன் என்று எழுதுவது சரியான சொல் ஆகாது.

அடுத்த சில வருஷங்கள் எங்கள் காப்பகத்துக்குப் பொற்காலம். நாரினிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் தன் அக்காவைக் கண்டுபிடித்தார். இரட்டையர் இருவர் எங்கள் படிக்கட்டிலேயே சந்தித்து, யார் மூத்தவர் என்று சண்டை போட்டார்கள். எனக்கு ஐந்து வெள்ளைக் கம்பளித் தொப்பிகள் பரிசாக வந்தன. தலை ஒன்றுதான் இருக்கிறதே என்று எல்லாரிடமும் சொல்வேன்.

சாய்ராகுல் மகளைத் தேடி மனு கொடுக்க வந்தது அப்போதுதான். பஜாரில் கம்பளிச் செருப்பு விற்பவள். கணவன் இல்லாத அவள், ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று மகளை இல்லத்தில் விட்டுவிட்டு சைபீரியாவுக்கு வியாபாரத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே நெஞ்சில் காசம் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது இல்லத்தில் எல்லாரும் புது ஆட்கள். காகிதம் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

"பொண்ணு பேரு?" என்றேன்.

"ஐஜார்கின். காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கும் அண்ணே. அவரை விதையாட்டம்."

நான் அவள் கண் முன்னாலேயே தேடுபொறியில் அந்தப் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள். பூர்சோக் என்று சூடாகப் பொரித்த மாவுத் துண்டுகள் கொண்டுவருவாள். அப்படி உப்பிய பூர்சோக்கை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

"அந்தப் பொட்டிகிட்ட இன்னொரு தடவ கேளுங்க."

"கேட்டாச்சு தங்கச்சி. இல்லங்குது."

"நீங்க கேக்கற தோரணை சரியில்ல. கொஞ்சம் மரியாதையா கேட்டுப் பாருங்க."

நான் கம்ப்யூட்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு மறுபடி அடிப்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த வெள்ளிக்கிழமைகள் அவளுக்குச் சந்தோஷமானவை. வேறு எந்தக் காப்பகத்தில் அவளுக்கு இந்த உபசாரம் கிடைத்திருக்கும்?

பெகிமாய்க்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் சாய்ராகுல் வேறு யோசனையோடு வந்தாள்.

"இந்தப் பொட்டிய நம்பிப் பிரயோசனம் இல்ல அண்ணே. எல்லாப் படத்தையும் நானே ஒன்னொன்னா பாத்துடறேன். கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வெள்ளி வரச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவளைப் பற்றித்தான் நினைத்தேன். இப்படி வருஷக்கணக்காகக் காத்திருப்பது ஒரு பெண்ணுக்கு நல்லதில்லை. அதற்கு ஒரு முடிவு வேண்டும். முடிவு கொடுக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்து, ஐஜார்கின் அந்தக் குளிர்காலத்திலேயே நிமோனியாவில் போய்விட்டதாகச் சொன்னேன். இல்லத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் குழந்தைகளைப் புதைத்த இடம் இருக்கிறது. மறுநாள் என் காரிலேயே கூட்டிப்போனேன். முந்தின நாளே போய்ப் பார்த்து, பெயிண்ட் உதிர்ந்து பெயர் தெரியாத ஒரு கல்லறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பெயர் உள்ளதைக் காட்டியிருந்தால் அது இன்னொரு தாய்க்குச் சொந்தமானதாக இருக்கும். அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது.

சாய்ராகுல் வெகுநேரம் அந்த மண்ணில் படுத்துக் கிடந்தாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன், தொந்தரவு செய்யவில்லை. பிறகு அவள் ஓர் ஆடு அறுத்து, தெருவுக்கே சோறு போட்டு, மகளுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள். அந்த விருந்தில் பேசச் சொல்லி என்னைத்தான் கேட்டாள். நன்றாகப் பேசினேன்.

பிறகு அவளைக் கல்யாணத்துக்கு அழைத்தேன். பெண்ணை அனுப்பி வைக்கும் விருந்து எங்கள் வீட்டில். அவளைக் கதவோரம் உட்கார வைக்கவில்லை. பெரியவர்கள் உட்காரும் மேலிடத்தில் உட்கார வைத்தேன். தலை அலங்காரம் செய்யவந்த பெண்ணிடம், முடியைக் காதை மூடித் தளர விடம்மா, அதுதான் என் மகளுக்கு அழகு என்று சொல்லியிருந்தேன்.

ஆசீர்வாதம் செய்யும் முறை வந்ததும் சாய்ராகுல் எழுந்தாள். பெகிமாயின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

"எம்மக இருந்திருந்தா இந்நேரம் ஒன் ஒசரம் இருப்பா. நல்லா இரு கண்ணு. மாமியா ஏதாச்சும் சொன்னா செருப்பக் கழட்டி அடி. செருப்பு நான் தர்றேன். கம்பளிச் செருப்பு, அவளுக்கு வலிக்கவும் வலிக்காது."

மேஜையே அதிர்ந்து சிரித்தது. சம்பந்தி அம்மாளும் சிரித்தார். பெகிமாயும் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கும் சாய்ராகுலுக்கும் மூக்கு ஒரே மாதிரி சுருங்கும். அங்கே அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். என் கண் நிறைந்துவிட்டது. தாய் கையால் ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்தேன். எந்தத் தேடுபொறியால் அது முடியும்?

மற்றது உங்களுக்குத் தெரியும். தலைநகரிலிருந்து காப்பகத் தளங்களைச் சரிபார்க்க சைகல் என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. எந்தத் தளமானாலும் முதலில் வாசல் கோப்பைத்தான் படிப்பாளாம். அதை யாரும் படிக்கலாம். ஊருக்கே திறந்துவிட்ட இடத்தில் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ஏன் தடை என்று அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். பெயரும் மச்சமும் இருந்தன. சாய்ராகுலின் மனுவும் காப்பகத்திலேயே இருந்தது. கோர்ட்டின் தத்துப் பதிவில் என் பெயர் இருந்தது. போட்டிடம் வராதே என்று நான் எழுதிய வரிதான் சைகலை வா என்று கூப்பிட்டிருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் இதை யோசித்திருக்க வேண்டும். அந்தத் தவறை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பெகிமாய் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்புக் கடையில்தான் இருக்கிறாளாம். இருவரும் சேர்ந்து சிரிப்பது பஜார் முனைவரை கேட்கிறதாம். தமீராவும் அங்கே போகிறாள். எனக்குச் சந்தோஷம்தான்.

நேற்று பெகிமாய் என்னைப் பார்க்க இந்தக் காவலறைக்கு வந்தாள். உட்காரவில்லை. எதற்கு மறைத்தீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்துப் பதில்கூட வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தக் கல்லறைக்கு அம்மாவ நீங்களேவாப்பா கூட்டிட்டுப் போனீங்க?"

ஆமாம் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது மலைப்பாதை, முழுக்கக் குண்டும் குழியும். பஸ்ஸில் போயிருந்தால் சாய்ராகுலுக்கு இடுப்பே போயிருக்கும்.