அவர் காலுக்கு ஏற்ற எண்ணெய்

பழைய லாரிக்குப் புது எண்ணெய் எல்லாம் ஒத்துக்கொள்ளாது, ஐயா. விலை கூடியதை ஊற்றினால் வண்டி நன்றாக ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெல்லிய எண்ணெய் புது இன்ஜினுக்கு நல்லது. வயதான இன்ஜினில் அதுவே தேய்ந்த இடுக்குகள் வழியாகக் கசிந்து தரையை நனைக்கும். கெட்டியானதுதான் அதற்குச் சரி. வயதானவர்களுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரிதான். எது சத்து என்பதைவிட எது செரிக்கும் என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். என் அப்பா வண்டி எண்ணெய்க் கடை வைத்திருந்தார். கல்லூரி விட்டு வந்ததும் கல்லாவில் நான்தான் உட்காருவேன். அங்கே எண்ணெய் வாங்க வந்தவர்தான் என் கணவர். மற்ற டிரைவர்கள் டப்பாவின் மேல் இருக்கிற படத்தைப் பார்த்து வாங்குவார்கள். அவர் மட்டும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "என் வண்டிக்கு வயசாச்சுங்க. அவளுக்கு எது பிடிக்கும்னு நீங்களே பார்த்துக் குடுங்க" என்றார். பார்த்துக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, "அவளுக்குப் பிடிச்சிருக்கு. உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னா" என்றார். எங்கள் கல்யாணம் அங்கேதான் தொடங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு லாரிக்கு மூத்தவள் என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு முன்பே அவர் வாழ்க்கையில் வந்தவள் அல்லவா. எங்கள் மகள் பேச ஆரம்பித்ததும் அதைப் பெரியம்மா என்றே கூப்பிட்டாள். தெருமுனையில் ஹாரன் கேட்டால், "பெரியம்மா அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்று வாசலுக்கு ஓடுவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

மூத்தவளின் சாப்பாடு என் பொறுப்பு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்டியரிங் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேன், தனிப் புனல். ஒன்றின் புனலை இன்னொன்றில் வைக்க யாரையும் விட மாட்டேன். என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, அதைப் பார்த்துக் கேலி செய்வான்.

"எனக்குக் காபி குடுக்கிற டம்ளரைக்கூட நீங்க இப்படிக் கழுவினதில்லை அண்ணி."

"நீ என்ன லோடா இழுக்கிறே? இழுக்கிறவளுக்குத்தான் மரியாதை."

அவர் எந்த மூடியையும் திறந்து பார்த்ததில்லை. "நீ ஊத்தினியா? அப்ப சரி" என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஒரு டிரைவரின் மனைவியாக இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன். அவருடைய சட்டைகள் அலமாரியில் இருந்ததில்லை. துவைத்து மடித்தால் நேராகப் பைக்குள் போகும். அலமாரியில் அவருக்கென்று விட்ட தட்டு காலியாகவே கிடந்தது. ஒருநாள் மகள் அவரிடம், "அப்பா, நீங்க எப்பக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள். வருத்தமாகக் கேட்கவில்லை. வந்திருக்கிற விருந்தாளியைக் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

முதலில் கியர் பாக்ஸில் நடந்தது உண்மையிலேயே தவறுதான். கேன் மாறிவிட்டது. புது வகைக் கியர் ஆயில் ஒன்று உண்டு. பழைய கியர் பாக்ஸுக்குள் இருக்கிற பித்தளை வளையங்களை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஊற்றிய பிறகுதான் கவனித்தேன். அவர் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். அடுத்த நடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சில நடைகள் கழித்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். உதிரிபாகம் கிடைக்காமல், அந்த மழைக்காலம் முழுவதும் அவர் வீட்டில் இருந்தார்.

நான் வாழ்ந்த காலம் என்றால் அதுதான். மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். காய் நறுக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்து, எல்லாவற்றையும் குச்சி குச்சியாக வெட்டி வைத்தார். துணி காயவில்லை என்று அவரே வீட்டுக்குள் கயிறு கட்டினார். அவருடைய சட்டைகளை நான் அலமாரியில் அடுக்கினேன். மகள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கப் பழகினாள்.

அதற்குப் பிறகு கேன் மாறியது தவறுதலாக அல்ல. ஒத்துப்போகாத இரண்டு கூலன்டுகளைக் கலந்தால் ரேடியேட்டருக்குள் அது கூழாக உறைந்துவிடும். வண்டி கொதித்து நின்றுவிடும். ஒரு முறை அது. இன்னொரு முறை இன்ஜினுக்கு மெல்லிய எண்ணெய். இப்படி மாற்றி மாற்றி. இதில் யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. சாலையில் ஆபத்து வரும்படியான எதையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். மூத்தவளுக்கு வயதாகிறது என்று வருத்தப்பட்டார். மெக்கானிக்தான் போகப்போகக் கைதேர்ந்துவிட்டார். நோயைப் பார்த்ததும் மருந்தைச் சொல்ல ஆரம்பித்தார். என் கணவர் வீட்டில் தங்குகிற நாட்கள் குறைந்தன. சட்டைகள் மறுபடி பைக்குள் போயின.

அதனால்தான் பிரேக்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் இல்லை, ஐயா. அந்தக் குழாய்களுக்கு உள்ளே ரப்பர் வாஷர்கள் இருக்கின்றன. எண்ணெய் பட்டால் அவை ஊறி உப்பிவிடும். முதலில் பெடல் மேலே வரத் தயங்கும். பிறகு சக்கரங்கள் சூடாகும். அதற்கும் பிறகுதான் ஒருநாள் பெடல் அடிவரை இறங்கும். அத்தனை ரப்பரையும் கழற்றி மாற்றி, எல்லாக் குழாயையும் கழுவ வேண்டும். பெரிய வேலை. நிறைய நாள் பிடிக்கும்.

என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுகிறவர். பெடலில் ஒரு நூல் அளவு மாறினாலும் அவர் கால் கண்டுபிடித்துவிடும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "மூத்தவளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு" என்று எனக்குப் போன் செய்வார். ஊர் எல்லையைக்கூடத் தாண்ட மாட்டார். அந்த நம்பிக்கையில்தான் பிரேக் ஆயில் குடுவைக்குள் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றினேன். எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்று நன்றாக யோசித்தேன். அவருடைய காலுக்காகத் தேர்ந்தெடுத்த எண்ணெய் அது.

அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். கொழுந்தனும் அவன் மனைவியும் எங்களோடுதான் இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் கூட ஆகவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இனிமே நான் நடை போகலை. நாளையிலேருந்து தம்பி போகட்டும்" என்றார்.

"என்ன திடீர்னு?" என்றான் கொழுந்தன்.

"மூத்தவளே சொல்லிட்டாடா. எத்தனை தடவை கெட்டுப்போய் என்னைக் கொண்டுவந்து இந்த வாசல்ல இறக்கிவிட்டிருக்கா. வீட்டுல கிடன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லுவா? பள்ளிக்கூட வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. காலைல போனா சாயங்காலம் வந்துடுவேன்."

மகள் கை கழுவாமலே எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொழுந்தன், "அப்ப இனிமே கழுவின டம்ளர்ல காபி எனக்குத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

மறுநாள் காலைவரை எனக்கு நேரம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. கை தவறி ஊற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் யோசிக்கிறவர். அப்படியானால் ரேடியேட்டர்? அப்படியானால் கியர் பாக்ஸ்? என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போவார். அவர் எடுத்த முடிவு முழுவதும் மூத்தவள் சொன்னதன்மேல் நின்றது. அதைச் சொன்னது நான் என்று தெரிந்தால் அந்த முடிவு நிற்காது. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்ததை நானே எப்படித் தள்ளிவிட முடியும்?

காலையில் ஓரகத்தி கொட்டகைக்கு வந்தாள். "அக்கா, இவர் தனியாப் போறது இதுதான் முதல் தடவை. வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாம் நானே பார்த்து ஊத்தியிருக்கேன். நீ கண்டதையும் நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதே."

கொழுந்தன் புது ஷூ போட்டிருந்தான். அடிப்பாகம் தடிமனாக இருந்தது. "முதலாளி மாதிரி இருக்கேனா அண்ணி?" என்று காலைத் தூக்கிக் காட்டினான். கழற்றிவிட்டு ஓட்டு என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு ஆசையாகப் போட்டிருக்கிறான், எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் எண்ணெயைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போனைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். மலை ஏறி முடித்ததும் அவன் கூப்பிட்டான். அண்ணனுடைய போனுக்குத்தான் கூப்பிட்டான், ஆனால் அது என் பக்கத்தில் இருந்தது.

"அண்ணி, சக்கரத்துப் பக்கம் ஏதோ தீயற வாசனை வருது. பெடலும் ஒரு மாதிரி இருக்கு. அண்ணன்கிட்டே குடுங்களேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வாசலில் மகளுடைய சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகள் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் நாலு எட்டில் வந்துவிடுவார். "ஓரம் கட்டு, மலை இறங்காதே, நான் வர்றேன்" என்பார். அப்படியே கிளம்பிவிடுவார். வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

"அண்ணன் குளிக்கிறார். லோடு ஏத்தி மலை ஏறினா அப்படித்தான் வாசனை வரும். பயப்படாம இறக்கத்துல இறங்கு" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணி" என்றான்.

நான் செய்தது அதுதான். எண்ணெய் ஊற்றியதை வேண்டுமானால் ஒரு மனைவியின் அசட்டுத்தனம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இறங்கு என்று சொன்னபோது அந்த இறக்கம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அவன் காலில் என்ன போட்டிருந்தான் என்றும் தெரியும். ஓரகத்தி அப்போது உள்ளே குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் தெரியும்.

தம்பியின் காரியம் முடிந்த பிறகு அவர் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. வேன் ஓட்டவும் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அப்படியே இருப்பார். நான் ஊட்டினால் சாப்பிடுவார். மகளை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்ப்பார். ஓரகத்தியை அவள் அம்மா வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போய்விட்டார்கள். சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. அவர் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார். துக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும், ஆறிவிடும் என்று இருந்தேன்.

இன்று காலை எனக்குச் சொல்லாமல் எழுந்து இங்கே வந்திருக்கிறார். பிரேக்கைப் பார்க்காமல் தம்பியிடம் வண்டியைக் கொடுத்தது தன் குற்றம், தன்னை உள்ளே போடுங்கள் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எத்தனை வருடம் ஆகும் என்று வெளியே நிற்கிற காவலரிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் உங்கள் மேஜைக்கு வந்தேன். அத்தனை வருடம் அவர் வீட்டை விட்டு இருக்க முடியாது, ஐயா. இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பிக் கதவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, இங்கே பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அவருக்கும் தெரியட்டும் என்றுதான் பேசினேன். கதவைப் பூட்டியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பாருங்கள், இவ்வளவையும் கேட்ட பிறகும் அவர் எழுந்து போகவில்லை.