வரதனுக்கு ஒரு படம்

இந்த மாலைக்கு மாண்பு சேர்க்கத் தலைமை நாற்காலியில் தளராது வீற்றிருக்கும் பெருமகன் நீலமேகம் அவர்களே! இராயபுரத்துக் கடற்காற்றையும் என் பேச்சையும் ஒருசேரத் தாங்கப்போகும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! துறைமுகப் பட்டறைத் தோழர்களே! படிப்பகத்தின் செயலாளன் என்ற முறையில் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

சென்ற மாதம் நம்மை விட்டுப் பிரிந்த வரதன் அவர்களின் படத்தைத் திறந்துவைக்கக் கூடியிருக்கிறோம். நோட்டீசு அச்சடித்தோம். பந்தல் போட்டோம். மாலை வாங்கினோம். எல்லாம் ஆன பிறகுதான் வரதனுக்குப் படமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தோம்.

சிரிக்காதீர்கள். செயற்குழு சிரிக்கவில்லை.

யார் இந்த வரதன்? துறைமுகப் பட்டறையில் எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். பட்டம் பெற்றவரா? பள்ளியில் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். பாடம் சொல்லிக் கொடுத்தவர் உண்டா? ஒருவரும் இல்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பளுதூக்கி எஞ்சினில் வைப்பார், மறுமுனையைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். "ரெண்டாவது பேரிங்கு அழுவுது" என்பார். பிரித்துப் பார்த்தால், ஐயா, இரண்டாவது பேரிங்குதான் அழுதுகொண்டிருக்கும்!

அடம்பிடித்த அடுப்பும் அவரிடம் வந்தது. முனகிய மின்விசிறியும் வந்தது. பாதிப் பாட்டில் படுத்துவிட்ட கிராமபோனும் வந்தது. எல்லாம் எழுந்து நடந்தன. ஆனால் அவர் பிரித்துப் பூட்டிய எதிலும் இரண்டு திருகாணிகள் மிஞ்சும். ஏன் என்று கேட்டால், "கம்பேனிக்காரன் தெரியாம போட்டுட்டான்" என்பார். நம் படிப்பகத்துக் கடிகாரத்தில் மிஞ்சியவை என் மேசையில் இருக்கின்றன. கடிகாரம் ஓடுகிறது.

என்ன அங்கே? கேட்கவில்லையா? மைக்குதான் கரகரக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சரிசெய்பவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டையும் அவர் விடவில்லை. தலைப்பிள்ளை பிறந்தபோது, மனைவி கன்னியம்மாவின் கைவலி போக வேண்டும் என்று கடிகாரச் சுருள்வில் ஒன்றை வைத்துத் தானே ஆடும் தொட்டில் ஒன்று செய்தார். பிள்ளை தூங்கிவிட்டது. தொட்டில் தூங்கவில்லை. அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு கன்னியம்மா அன்று மாலை முழுவதும் நின்றார். கைவலி போயிற்றா என்று வரதன் கேட்டார். கன்னியம்மா சொன்ன பதிலை மேடையில் சொல்ல இயலாது.

அப்படிப்பட்டவரை மூன்றே நாள் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இப்போது கரகரப்பது என் குரல்தான். மைக்கின் மேல் பழி போட மாட்டேன்.

படத்துக்கு எங்கே போவது? துறைமுகத்தார் கொடுத்த பித்தளை அடையாள வில்லையில் எண்தான் இருந்தது, முகம் இல்லை. நாடகத் திரை எழுதும் ரஷீதை அழைத்தோம். வரதன் எப்படி இருப்பார் என்று அவர் கேட்டார். மீசை மெல்லியது என்றார் ஒருவர், மீசையே இல்லை என்றார் ஒருவர். பத்துப் பேர் சொன்னதையும் வைத்து, எதிரே அமர்ந்திருந்த தலைவர் அவர்களையும் அவ்வப்போது பார்த்து, ரஷீது ஒரு படம் எழுதி முடித்தார். கன்னியம்மாவிடம் காட்டினோம்.

"யாருப்பா இவுரு? நல்லாத்தான் கீறாரு. எங்கூட்டுக்காரரு இல்ல" என்றார்.

நாளை கூட்டம், இதையே மாட்டிவிடுகிறோம் என்று நாங்கள் கெஞ்சினோம். அப்போது அந்த அம்மையார், இடுப்பில் இருந்த கடைக்குட்டி மலர்க்கொடியைக் காட்டி, "இதுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆவல. நைனா மூஞ்சி இதுக்கு நிக்காது. இத்த மாட்டினீங்கோன்னா, நாளைக்கு இவரத்தான் நைனான்னு நெனைச்சிக்கும். வோணாம்" என்றார்.

எங்களுக்கு வேண்டியது ஒரு விழா. அவருக்கு வேண்டியது ஒரு குழந்தையின் தகப்பன். நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம். அந்தப் படம் இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்து நிற்கிறது. தலைவர் விரும்பினால் எடுத்துச் செல்லலாம்.

அதன்பின் கன்னியம்மாவே பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சென்ற ஆண்டு குடும்பத்தோடு படம் எடுக்க மதார் சாகிப்பின் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார்கள். காமிரா சிக்கிக்கொண்டது. வரதன் சும்மா இருப்பாரா? வெள்ளை வேட்டியோடு எழுந்து போய் அதைப் பிரித்தார், துடைத்தார், பூட்டினார். "நானே அமுக்கறேன் சாயபு, கை மாறினா மறுபடி மக்கர் பண்ணும்" என்றார்.

"இன்னாய்யா நீ, வந்து குந்து!" என்று கத்தினார் கன்னியம்மா.

"தோ வரேன். அசையாத" என்றார் வரதன். அமுக்கினார். அன்று சாகிப்பிடம் படம் பிடிக்க இருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு.

அந்தப் படத்தைத்தான் இதோ திறக்கிறேன்!

பாருங்கள், பெரியோர்களே! கன்னியம்மா இருக்கிறார், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், நடுவில் காலி நாற்காலி இருக்கிறது. வரதன் எங்கே என்று கேட்கிறீர்களா? அந்த எட்டுக் கண்களும் எங்கே பார்க்கின்றன? கோபத்தை அடக்க முடியாமல், சிரிப்பையும் அடக்க முடியாமல், கன்னியம்மா யாரைப் பார்க்கிறார்? மடியிலிருந்து பாய்ந்துவிடுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டுகிறதே குழந்தை, அது யாரைப் பார்த்து?

அம்மா மலர்க்கொடி! மீசை இருந்ததா இல்லையா என்று இவர்கள் சண்டை போடட்டும். என் நைனா எப்படி இருந்தார் என்று நீ வளர்ந்து கேட்கும் நாளில், இந்தப் படத்தில் உன் முகத்தைப் பார். நீ இப்படிச் சிரிக்கும்படி இருந்தார் உன் நைனா!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், படம் தந்த கன்னியம்மாவுக்கும், தகடு தந்த சாகிப்புக்கும் என் நன்றி. மாலையை அந்தக் காலி நாற்காலிக்கு நேராகப் போடுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். வணக்கம்.