இருபது வெள்ளை மாத்திரைகள்

மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குகிற நோயாளி மதுரையில் கிடைப்பது அபூர்வம், இன்ஸ்பெக்டர் ஐயா. இருபத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் சொல்கிறேன். ஜுரம் இறங்கினால் மருந்தையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இதைப் புரிந்துகொண்டால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

யுத்தம் முடிந்த வருஷம் என் மனைவி வாலாம்பாள் ஐந்தாவது பிரசவத்தில் போனாள். அதற்குப் பிறகுதான், எங்கள் லேடி டாக்டர் அம்மாள் வரவழைக்கும் வைத்தியப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு மாத்திரை. பிள்ளை இறந்து பிறந்தால் தாய்க்குப் பால் வற்றுவதற்காக எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான். பெண்ணுடம்பில் இயற்கையாக ஊறும் சுரப்பைப் போலவே அது வேலை செய்யும். அந்தச் சுரப்பு நிறைந்திருந்தால் மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி ஓய்ந்துவிடும்; அந்த மாதம் முட்டை வெளிவராது. கர்ப்பமும் இல்லை. டாக்டர் அம்மாளிடம் சொன்னேன்.

"மருந்து கலக்குறதோட நிறுத்திக்கும், பஞ்சாபகேசன்" என்றார். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.

எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். பிள்ளை போதுமென்ற பெண்களுக்குத்தான் முதலில் கொடுத்தேன். நாலு நாளில் மறந்தார்கள். பிள்ளைக்கு ஏங்குகிறவள்தான் ஒரு நாளும் விடமாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவையாவது கருத்தரித்து இழந்தவளாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கரு நிற்காதது மாத்திரையாலா மலட்டுத்தனத்தாலா என்று நிரூபணமாகாது. அப்படி ஏழு பேரைப் பொறுக்கினேன். கரு தங்குவதற்கான மருந்து என்றேன். தீட்டு வந்த ஐந்தாம் நாள் தொடங்கி, தினம் ஒன்றாக இருபது நாள்.

செல்லூர் சோலையம்மாளைப் போல ஒருத்தியைப் பார்க்க முடியாது. தறிவேலைக்கு நடுவிலும் வேளை தப்பவிடமாட்டாள். அந்த மாத்திரை குமட்டும். மருந்தின் குணம் அது. அவள் மசக்கை என்று நினைத்தாள்.

"காலையில எந்திரிச்சா ஓங்கரிக்குது சாமி. இந்தத் தடவ தங்கிருமா?"

நல்ல குறிதான் என்றேன். மாமியார் மாங்காய் வாங்கிக் கொடுத்தாளாம். மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் தீட்டு வந்துவிட்டது. அதுவும் மருந்தின் குணமே. இப்படி நாலு தடவை. நாலு பிள்ளையை வயிற்றிலேயே தின்றவள் என்று சொல்லி, அவள் புருஷன் அழகுமலைக்கு இன்னொருத்தியைக் கட்டிவைத்தார்கள். அவர்கள் அவசரப்பட்டதற்கு நான் என்ன செய்ய? சோலையம்மாள் அப்போதும் மாத்திரையை விடவில்லை. "அவளுக்கு முந்தி எனக்குத் தங்கிரணும் சாமி" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாவற்றையும் கெடுத்தவள் வாடிப்பட்டி முத்துத்தாய். ஐந்து மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஐப்பசியில், அந்த மாத மாத்திரையைத் தொடங்கவேண்டிய சமயத்தில் கந்தசஷ்டி வந்தது. பிள்ளை வரம் கேட்டு ஆறு நாள் விரதம். வாயில் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாதென்று மாத்திரையையும் தள்ளிப்போட்டுவிட்டாள். முட்டைக்கு அந்த ஆறு நாள் போதும். தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத் தட்டோடு மருந்து ஜன்னலில் வந்து நின்றாள்.

"முருகனும் நீங்களுமாக் குடுத்தது சாமி."

ஆறு நாள் விடப்போவதை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். சத்தம் கேட்டு டாக்டர் அம்மாள் வெளியே வந்து, என்ன மாத்திரை என்றார். முத்துத்தாய் மடியிலிருந்த மிச்சத்தை எடுத்து நீட்டினாள்.

ஆமாம், ஏழு பேருக்கும் நான்தான் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். யாரும் சாகவில்லை. வாலாம்பாளுக்கு இது கிடைத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள். மற்றவர்களை நீங்கள் கூப்பிட்டு விசாரித்துவிட்டீர்கள். இனி அவர்களால் பிரயோஜனமில்லை.

சோலையம்மாளுக்கு மட்டும் இன்னும் விஷயம் போகவில்லை என்றார்கள். புதன்கிழமை வருவாள். ஆஸ்பத்திரியில் என் மேசை இழுப்பறையில் இருபது மாத்திரை மடித்து வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள். ஒரு நாள்கூடத் தவறாதவள். அவளை ஏமாற்றிவிடாதீர்கள்.