ஒன்று புள்ளி பத்தை இரண்டாக்கிய பெருந்தகைக்கு

பனி சூழ் பதுளையில் பதிவேடு காத்த பண்பாளரே! ஊவாத் தோட்டங்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணிட்ட ஏந்தலே! எங்கள் பிரதம இலிகிதர் மஹ்ரூப் நானா அவர்களே!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் இந்தப் பிரியாவிடை மடலுக்கும் திருத்தம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். ஆதலால் உங்கள் கதையை யாரோ ஒருவரின் கதைபோலச் சபையோருக்கு உரைக்கிறோம், பொறுத்தருள்க!

முப்பத்தொரு வருடங்களாகத் தோட்டங்களின் இப்பதிவேட்டு அலுவலகத்தில் 'தொழிலாளி' என்றால் யார், 'குடும்பம்' என்றால் யார் என்று வரைவிலக்கணம் எழுதியவர் மஹ்ரூப் நானா. ஒவ்வொரு வரைவிலக்கணத்துக்கும் 1.0இல் தொடங்கும் ஓர் எண் உண்டு. பொருள் மாறினால் புள்ளிக்கு முன்னுள்ள எண் ஏறும். சில்லறைத் திருத்தமானால் பின்னுள்ள எண் ஏறும். கொடுத்த எண்ணை அழிப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. அழிறப்பர் கேட்ட மூவர், அவர் பார்த்த பார்வையிலேயே இடமாற்றம் கேட்டுப் போனார்கள்.

1986இல் கணனி வந்தது. 'குடும்பம்' அப்போது 1.9இல் நின்றது. கணவனை இழந்தவளும் குடும்பத் தலைவியே என்று ஒரு வரி சேர்த்த நானா, ஒன்பதுக்குப் பின் பத்துத்தானே என்று 1.10 என எழுதினார். பெரிய எண்ணை எடுக்கும்படி பணிக்கப்பட்ட கணனியோ 1.10ஐ வெறும் 1.1 என்று படித்து, 1.9ஐயே எடுத்துக்கொண்டது. பூனாகலைப் பக்கத்து இராக்கம்மாவின் பெயர் குடும்பத் தலைவர் பட்டியலிலிருந்து விடுபட்டது. வெள்ளிக்கிழமைக்குள் குடியிருந்த லயக் காம்பராவைக் காலிசெய்யும்படி அந்தக் கைம்பெண்ணுக்குக் கடிதம் போயிற்று.

அவர் பஸ் பிடித்து வந்து நானாவின் மேசை முன் நின்றார்.

"மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கேங்க. நாங்க குடும்பம் இல்லையாங்க?"

நானா பதிவேட்டைத் திறந்து 1.10ஐப் படித்தார். பழியைக் கணனியின் தலையில் போட ஆசையாகத்தான் இருந்தது. கணனியில் வேலை செய்யும் லரீபா, "1.10ஐ அழிச்சிட்டு 1.91ன்டு போடுவமா, நானா?" என்று கேட்டார். அழிப்பதா! நானா பதிவேட்டை இழுத்து மறுபடி படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"பிழை மெஷின்ட இல்ல, என்ட. குடும்பத்துக்குத் தலைவியே புதுசா வாறா. இதப் போய் சில்லறைத் திருத்தம்ன்டு நெனச்சிட்டேன். ரெண்டுன்டு போடுங்க, லரீபா."

2.0 ஏறியது. கணனிக்கும் ஐயம் தீர்ந்தது. வியாழக்கிழமையே, காம்பரா அவருக்குத்தான் என்ற உத்தரவை நானா தாமே பஸ்ஸில் கொண்டுபோய் இராக்கம்மாவின் கையில் கொடுத்தார். 1.10 மட்டும் அழிக்கப்படாமல் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

அன்பு நானா! சில்லறைத் திருத்தங்களைத் தவிர வேறெதுவும் உங்கள் தேகத்தை அணுகாதிருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு எண்ணிடாமல் அவர்களோடு நெடுங்காலம் மகிழ்ந்திருங்கள்!

இன்னும் ஒன்று. நேற்று 'பிரதம இலிகிதர்' என்ற பக்கத்தில் புதியவரின் பெயரைச் சேர்க்க உட்கார்ந்தோம். ஆள் மட்டும்தானே மாறுகிறார், 1.1 போதும் என்றார் எங்களில் ஒருவரான வீரசிங்கம். லரீபா பேனாவைப் பிடுங்கி 2.0 என்று எழுதினார். 1.0இல் உங்கள் பெயர் இருக்கிறது. அதை அழிக்க இங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

பிரிய மனமில்லாத,
அலுவலக ஊழியர்கள்
பதுளை, 30.09.1988