அக்கரையில் ஒரு வாரம்

இருந்தவர்கள்:
பூமா. ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி. பிள்ளை சீனுவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.
பராசரன். அவள் புருஷன். கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைக்கும் தளிகை முறை பரம்பரையாக உள்ளவர்.
வரது. பூமாவின் தம்பி. திருச்சி ஜங்ஷனில் ரயில்வே கிளார்க்.
பிச்சை. ஜட்கா வண்டிக்காரன். பாதியில் வந்தான்.
1936, ஆவணி மாதம். வெயில் இன்னும் சாயவில்லை.

— அனுராதபுரத்துல இறங்க வேண்டாம்கறேன்.

— ஏன்டா வரது? அங்கேயும் நம்ம பக்கத்து மனுஷா இருக்காளாமே.

— அக்கா, இருக்கறது ஒரு வாரம். அதாவது, அத்திம்பேர் மடைப்பள்ளி முறை முடிஞ்சு ஆத்துக்கு வரதுக்குள்ள நீ இங்க நிக்கணும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி எம் பிள்ளையைப் பாத்தேளான்னு கேட்டுண்டிருந்தா வருஷம் ஆகும். நேரா கண்டி.

— கண்டியில இல்லேன்னா?

— அட்டன். தேயிலைத் தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்தான்னு போன வருஷம் காதுல விழுந்ததே.

— அங்கேயும் இல்லேன்னா?

— நுவரெலியா, பதுளை. அப்புறம் ரயிலிலேயே கீழ இறங்கிக் கொழும்பு. அங்க நம்ம பாலக்கரை கலீல் பாய் ஜவுளிக்கடை வெச்சிருக்கார், அவர்கிட்ட சொல்லியாச்சு. தெக்கே காலிங்கற ஊர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். அதாவது, தீவைப் பாதி சுத்தினாப்பல.

— மீதிப் பாதியில இருந்தான்னா?

— இப்படியே கேட்டுண்டிருந்தா நான் எழுந்து போயிடுவேன்.

— போயேன். கப்பல் டிக்கெட் உன் சட்டைப்பையில இருக்குன்னு திமிர்.

— செகண்ட் கிளாஸாக்கும். தேர்ட் கிளாஸ்ல போனா கூலி ஆள்களோட, நோய் இருக்கான்னு பாக்கற கேம்ப்ல அடைச்சுப்பிடுவான். உன் வாரம் அங்கேயே தீர்ந்துடும். நமக்கு டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொல்லுவான், அவ்வளவுதான்.

— அன்னிய புருஷனுக்கு நாக்கை நீட்டணுமா?

— என்கிட்ட நீளாத நாக்கா? நீட்டிட்டு வா.

— கேட்டியா வரது, உன் அத்திம்பேர் வாயைத் திறந்துட்டார்.

— சாப்பாட்டுக்கு என்ன பண்றே அக்கா?

— புளியோதரை ரெண்டு நாள் தாங்கும். அப்புறம் அவல், வெல்லம். தீர்த்தம் இந்தச் செம்புல. வாயைத் துணியால கட்டியாச்சு.

— ஒரு வாரத்துக்கு ஒரு செம்புக் காவேரியா?

— நாக்கு நனைஞ்சா போறும்.

— தாகத்துல விழுந்தேன்னா, சிங்களத்துல யார்கிட்ட தண்ணி கேப்பே?

— சீனு கேட்டு வாங்கித் தருவான்.

— சரி. அவன் கிடைச்சுட்டான்னே வெச்சுக்கோ. என்ன பண்றதா உத்தேசம்? கடல் தாண்டினவனை இந்த ஆத்துல சேத்தா அத்திம்பேருக்கு முறை போயிடும்.

— தெரியும்டா. அதுக்குத்தானே உயிரோட இருக்கற பிள்ளைக்குக் குடம் உடைச்சு, செத்தவனுக்கு முழுகறாப்பல தலை முழுகினார். வந்த கடுதாசியை எல்லாம் தொடாமத் திருப்பி அனுப்பினார். நான் உள்ளே நின்னு கேட்டுண்டிருந்தேன். குடம் உடையற சத்தம் சின்னதாத்தான் இருந்தது.

— பூமா.

— ஏன், பொய்யா? அழைச்சுண்டு வர மாட்டேன். பாக்கணும். வேளைக்குச் சாப்பிடறானா, உடம்பு என்ன ஆச்சுன்னு பாக்கணும். பாத்துட்டு வந்துடறேன். வீதியில யாராவது கேட்டா சேது ஸ்நானத்துக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கோங்கோ.

— சொல்லிக்கறேன்.

— அத்திம்பேர், நான் உங்களைத் தப்பா நினைச்சுண்டிருந்தேன். வாசப்படி தாண்ட விட மாட்டேள்னு இருந்தேன்.

— அதான்டா எனக்கும் புரியலை. போன மாசம் திருவெள்ளறைக்கு ஒரு சீமந்தத்துக்குப் போயிட்டு வரேன்னதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சுண்டார். லங்கைன்னதும் ஒரே வார்த்தை, போயிட்டு வான்னுட்டார்.

— ஆசை தீரத் தேடிட்டு வரட்டும். அப்புறம் அந்தப் பேச்சு இந்த ஆத்துல எழப்படாது.

— கிடைக்கலேன்னா எழாது. கிடைச்சா?

— பெருமாள் இருக்கார். வாசல்ல வண்டி வந்தாப்பல இருக்கு, பாரு.

— கும்புடறேன் சாமி. பிச்சைங்க. ஜங்ஷனுக்கு சவாரின்னு சொன்னாங்க.

— ஆமாம்ப்பா. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல விட்டுடு. ராத்திரி என் ஜாகையில தங்கிட்டு விடியக்காலம் கப்பல் துறைக்குப் போற போட் மெயில். அந்த மூட்டையை ஏத்து. செம்பைத் தொடாதே, அது அக்கா கையிலதான் வரும்.

— நான் எதுக்குங்க அதைத் தொடறேன். அட, இந்த வீடுதானா? வரும்போதே எங்கயோ பாத்த வாசலா இருக்கேன்னு யோசிச்சேன். போன மாசம் ஆடியில இங்க ஒரு சவாரி எறக்கி விட்டேனுங்க.

— வேற வீடா இருக்கும். மூட்டையை ஏத்து.

— இல்லீங்க சாமி, நீங்கதான் கதவைத் தொறந்தீங்க. பொய் சொல்லுவனா? கிராப்பு, மீசை, கையில தகரப் பெட்டி. புருவத்துல ஒரு தழும்பு.

— எந்தப் புருவம்?

— பூமா, நேரமாறது. ஏறு.

— எந்தப் புருவம்ப்பா?

— எடது புருவமுங்கம்மா.

— கிணத்தடியில விழுந்தது. என்னிக்கு வந்தான்?

— ஆடிப்பெருக்கு கழிஞ்சுங்க. காவேரி ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு.

— நான் திருவெள்ளறையில இருந்தேன். சொல்லு.

— வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாருங்க. கொழும்புல நல்ல வேலையாம். அம்மாவைக் கூட்டிட்டுப் போயி ஒரு வாரம் தீவைச் சுத்திக் காட்டணும்னாரு. மலை மேல ரயில் ஏறுதாமே, அதை அவங்க பாக்கணும்னாரு. இங்க எறங்கினாரு. நான் குதிரைக்குப் புல்லு போட்டு முடிக்கல, வெளிய வந்துட்டாரு. அம்மா மண்டபம் படித்துறைக்கு விடுன்னாரு.

— ஏய், கூலியை வாங்கினோமா போனோமான்னு இரு.

— அவனை ஏன் அதட்டறேள்? படித்துறையில என்ன பண்ணினான்?

— நேத்திக்கடன்னு நெனச்சேங்க. மொட்டை போட்டாரு, மீசையையும் எடுத்துட்டாரு. முங்கி எந்திரிச்சு ஈர வேட்டியோட உக்காந்தாரு. ஒரு ஐயரு மந்திரம் சொன்னாரு. எள்ளும் தண்ணியும் எறைச்சாரு. சோத்து உருண்டையைத் தண்ணியில விட்டாரு. அப்புறம் ஜங்ஷனுக்கு விடுன்னாரு.

— எள்ளா?

— ஆமாங்கம்மா. பொய் சொல்லுவனா?

— வரது. அப்பன் உயிரோட வாசல்ல நிக்கறப்போ, பிள்ளை யாருக்குடா எள்ளு இறைப்பான்?

— அக்கா...

— சொல்லேன். நீ படிச்சவன்.

— அத்திம்பேர், அவன்கிட்ட என்ன சொன்னேள்?

— என்ன சொல்லச் சொல்றே? அவன் காலை உள்ளே வெச்சான்னா நான் மடைப்பள்ளிக்குள்ளே கால் வைக்க முடியாது. நாலு தலைமுறையா எரியற அடுப்பு. அம்மாவைப் பாக்காமப் போக மாட்டேன்னு படியில உக்காந்துட்டான். வேற எதைச் சொன்னா அவன் எழுந்து போவான்?

— அவன் லங்கையில இல்லேன்னும் உங்களுக்குத் தெரியும்.

— வேலையை விட்டுடப் போறேன், இனிமே அங்கே யாருக்காகன்னு சொல்லிட்டுத்தான் போனான்.

— அதனாலதான் போயிட்டு வான்னேள். நான் ஒரு வாரம் ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்கி ஏறியிருப்பேன். நீங்க நிம்மதியாத் தளிகை பண்ணியிருப்பேள்.

— மெதுவாப் பேசு. வீதிக்குக் கேக்கறது.

— பிச்சை, ஜங்ஷன்ல எந்த வண்டியில ஏறினான்?

— தெக்க போற வண்டி நின்னுச்சுங்க, ஏறல. வடக்க போறதுல ஏறிட்டாரு. எந்த ஊருன்னு தெரியாதுங்க.

— அக்கா, மெட்ராஸ்ல விசாரிக்கலாம். அதாவது, எனக்கு லீவு இருக்கு, பாஸ் இருக்கு...

— மெட்ராஸ்னு யார் சொன்னா? வடக்குன்னுதானே சொன்னான். தீவுக்காவது கரை உண்டுடா வரது. சுத்தி வந்துட்டா முடிஞ்சுதுன்னு இருக்கும்.

— அப்படின்னா என்னோட வா. என் ஜாகையில இரு.

— வேண்டாம். நான் எங்கேயாவது நடமாடினா அவன் எள்ளு இறைச்சது வீணாப் போயிடும். பிச்சை, அந்த மூட்டையில புளியோதரை இருக்கு. உன் ஆத்துக்கு எடுத்துண்டு போ. உனக்கு வீண் சவாரி ஆயிடுத்து.

— நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணுங்கம்மா.

— அக்கா, எங்கே போறே?

— உள்ளே.

— பூமா. ஏன் கதவைச் சாத்தறே? நான் இங்க நிக்கறேன்.

— அத்திம்பேர், உள்ளே தாழ் போட்டுட்டா.

— பூமா, திற. மடி வேஷ்டி உள்ளே இருக்கு. விடிஞ்சா என் முறை. வீதியே பாக்கறது. பூமா.

— யாரைக் கூப்பிடறேள்? பூமா போய்ச் சேந்துட்டாள்னு இதே வாசல்ல நின்னு நீங்கதானே சொன்னேள்.