நாலு விரல் மணல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சேர், எனக்குக் குதிரை என்றால் பயம். நான் மாட்டோடு வளர்ந்தவன். மாடு முட்டப் போகிறதென்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். குதிரை முகத்தில் ஒன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற பெரிய மனிதரைப் போல எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே இஷாம் வந்து, குதிரை ஓட்டப் பழக்கும் களத்துக்கு மணல் பரப்ப வேண்டும், டிராக்டரைக் கொண்டு வாருங்கள் என்றபோது, குதிரையைக் கட்டி வைத்தால் வருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

இஷாமைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து அவரைத்தான் இந்தப் பொலிசில் உள்ளே வைத்திருக்கிறீர்கள். கத்தாரில் உழைத்த காசைக் கொண்டுவந்து, ஏறாவூருக்கு வெளியே வாவிக்கரையில் காணி வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குதிரை ஓட்டப் பழக்கலாம் என்று தொடங்கினார். அடியில் போடும் கிறவல் சரளையைக் குறைத்துக் களவு செய்ததால்தான் களத்தின் மூலை உள்ளே இறங்கியது, பெடியன் விழுந்தான் என்று ஊர் சொல்கிறது. அவர் ஒரு களவும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். ஒருவர் சும்மா உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் மனசு அப்படி. பஞ்சு மாதிரி.

வேலை எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். மேல்மண்ணை வழித்து எடுத்து, கிறவல் போட்டு, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் மணல் நாலு விரல் ஆழம்தான் இருக்கலாம். கூடினால் குதிரையின் கால் நரம்பு போய்விடுமாம், குறைந்தால் குளம்பு அடிபடுமாம். நான் இந்தப் பக்கத்து வயல் வட்டைகளில் டிராக்டரில் பலகை கட்டி அடித்து மட்டம் பிடிக்கிறவன். அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, மற்றவர்கள் வரமாட்டோம் என்ற பிறகுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் களத்தையும் வயல் போலவே தட்டையாக அடித்து, சுற்றி வரம்பும் கட்டிவிட்டேன். இஷாம் வந்து பார்த்துவிட்டு, "கச்சி முகம்மது காக்கா, இதுல குதிர ஓடுறதா, நாத்து நடுறதா?" என்றார். மழைத் தண்ணீர் வாவிப் பக்கம் வடிய வேண்டும் என்று மறுபடியும் சரிவு வைத்து அடித்தேன். என் முட்டாள்தனத்தால் அவருக்கு வந்த நட்டம் அந்த ஒரு நாள் டீசல் மட்டும்தான்.

விழுந்த பெடியன் நளீர் என் தம்பி. அது உங்களுக்குத் தெரியும். வாப்பா மௌத்தானபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை, அவனையே பிள்ளையாக வைத்துக்கொண்டோம். என் மனைவி கைறுன்னிஸாவுக்கு என் பகிடிகள் பிடிக்காது. பழைய சோறு மாதிரி இருக்கிறதாம். வீட்டில் என் பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள் நளீர். சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பான். அப்படி ஒருவன் ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று, அவன் போகப் போகிறான் என்று தெரியும்வரை எனக்குத் தெரியவில்லை.

அவன் இஷாமிடம்தான் குதிரை பார்த்துக்கொண்டிருந்தான். கத்தாரில் ஒரு குதிரை லாயத்தில் இடம் இருக்கிறது, நன்றாக ஓட்டுகிறானென்று ஒரு வீடியோ அனுப்பினால் விசா வரும் என்று இஷாம் ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், களம் முடிந்ததும் அதில் ஓட்டி எடுக்கலாம் என்று பேச்சு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும்தான். நான் அதிகமாகச் சிரித்தேன். கைறுன்னிஸாவுக்கு மட்டும் அது பிடிபட்டது.

"மூஞ்சப் பாருங்க. தம்பிய மடியில கட்டி வெச்சிக்கொள்ளுங்களன்," என்றாள்.

"மடியில இடம் காணாதே," என்றேன். நளீர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த மூலையில் மணலுக்குக் கீழே கிடந்த உமி யாருடைய யோசனை என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். மணலை மட்டும் ஆழமாகப் போட்டால், தண்ணீர் பட்டு இறுகிவிடும். உமி இறுகாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை அரிசி ஆலைக்குப் பின்னால் உமிக் குவியலில் என் டிராக்டர் மெல்ல மெல்ல இறங்கியது. நான் இறங்கி, கடைக்குப் போய் வடையும் பிளேன்ரீயும் எடுத்து, இன்னொரு டிராக்டர் வரும்வரை அதன் நிழலில் ஒரு தூக்கமும் போட்டேன். புதைவது என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் டிராக்டர் வேகத்தில் யோசிக்கிறவன் சேர். குதிரையும் அப்படித்தான் நிதானமாக இறங்கும், நளீர் ஒரு பக்கம் சரிவான், கணுக்கால் கொஞ்சம் பிரளும், வெள்ளிக்கிழமை கடந்துபோகும் என்று நினைத்தேன்.

வாவிப் பக்கத்து மூலையில் கிறவலைத் தோண்டி எடுத்தேன். முழங்கால் ஆழம். அதில் உமியை நிரப்பி, மேலே நாலு விரல் மணல் போட்டேன். சக்கரம் மேலே ஏறினால் பள்ளம் விழுந்துவிடும் என்று டிராக்டரைத் தள்ளி நிறுத்தி, சங்கிலியில் பலகையைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தேன். வாழ்க்கையிலேயே நான் பிடித்த நல்ல மட்டம் அதுதான். இஷாம் வந்து பார்த்து, "வடிவா வந்திரிக்கி காக்கா," என்றார். வெட்கமாக இருந்தது. என்னை யாரும் புகழ்ந்து பழக்கமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இஷாம் போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். நளீர் சுல்தானா என்ற பெண்குதிரையில் வந்தான். இஷாமைச் சுற்றி இரண்டு சின்னச் சுற்று வந்துவிட்டு ஓரத்தால் எடுத்ததும், அந்த மூலைக்குப் போகாமல் சுல்தானா தலையை உதறி நின்றுவிட்டது. மூக்கால் ஊதியது. குதிரை முகத்தில் ஒன்றும் தெரியாது என்றேனே, அது பிழை. அன்றைக்கு எல்லாம் தெரிந்தது.

நளீர் என்னிடம் ஓட்டி வந்தான். "காக்கா, இவள் அந்த மூலைக்குப் போறாளில்ல. கீழ என்னவோ இரிக்கி போல."

"ஒண்டுமில்ல மனே."

"மெல்ல நடத்திப் பாக்கட்டா?"

நடத்திப் பார்த்திருந்தால் குதிரையின் கால் இறங்கும், அவன் குனிந்து பார்ப்பான், உமியைக் காண்பான். அவன் முகத்தைப் பார்த்தேன். என்னை நம்பிச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"மெல்லப் போனா அவள் பயத்த விடமாட்டாள்," என்றேன். "அந்தப் பக்கத்தால வேகமா எடுத்து வா. பின்னால வாவி தெரியும், வீடியோவுக்கும் வடிவு. நான் பலகை அடிச்ச இடம்டா, உனக்கென்ன பயம்?"

குதிரைக்குப் பயந்தவன் குதிரைக்கு வைத்தியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

குதிரை இறங்கவில்லை சேர். முன்கால் ஒடிந்து தலைகுப்புறப் போனது. சத்தம் பெரிதாக இல்லை. பச்சைக் கம்பு முறிகிற சத்தம். நளீர் அதற்கு முன்னால் போய் விழுந்தான், குதிரை அவன்மேல் உருண்டது. மிருக வைத்தியர் வந்து சுல்தானாவுக்குக் கடைசி ஊசி போட்டபோது நான் தாங்க மாட்டாமல் அழுதேன். இஷாம் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவரை விட்டுவிடுங்கள்.

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கிடந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறான். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். கைறுன்னிஸாவைக் கை கூட வைக்க விடமாட்டேன். சாப்பாடு ஊட்டும்போது பகிடி சொல்வேன். சிரிப்பான், முன்னைப்போல முடிக்கும் முன்பே அல்ல, முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து. பரவாயில்லை, காத்திருக்க எனக்கு நேரம் இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். உமி போட்டதும் நான், வேகமாக ஓட்டச் சொன்னதும் நான். கையெழுத்து வைக்கிறேன். ஒரேயொரு உதவி, என்னை இன்றைக்கு வீட்டுக்குப் போக விடுங்கள். பொழுதுபட அவனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், என்னைத் தவிர வேறு யாரும் தொட்டால் அவனுக்கு நோகும். முள்ளந்தண்டு முழுதாக அறவில்லை, கொழும்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காக வைத்துப் பயிற்சி கொடுத்தால் எழும்பி நடக்கக் கூடும் என்று டாக்டர் போன கிழமை என்னிடம் தனியாகச் சொன்னார். நளீரிடம் நான் அதை இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில், தெரியாத ஆட்களுக்கு நடுவில், பிள்ளை தனியாகப் போய் என்ன செய்வான், சேர்?