முழுக்கைச் சட்டை

– ஹார்லிக்ஸ் ஆறிப்போவுது மாலதி, குடி. உன் செம்பியன் மச்சான் வாங்கியாந்ததுதான். நான் வாங்குனது பையிலயே கெடக்கு.

– ஆரம்பிச்சிட்டீங்களா மாமா? கொழந்த பொறந்து ரெண்டு நாள்கூட ஆவல.

– நான் என்ன சொல்லிட்டேன்? பண்ருட்டியிலேருந்து பைக்குல பறந்து வந்து ரத்தம் குடுத்தாரு. பெரிய மனசு. "எங்க நாத்தனார் மவன்தான் எம் பொண்ணக் காப்பாத்துனான்"னு உங்கம்மா இந்தக் கடலூர் ஆஸ்பத்திரி பூரா சொல்லிட்டு வர்றாங்க. ஒனக்குக் கட்டிவைக்க இருந்த மாப்ள வேற.

– அது அத்தை சும்மா சொல்லிட்டிருந்த பேச்சு. நான் ஒங்களத்தான கட்டிக்கிட்டேன்?

– கட்டிக்கிட்ட. ஆனா இப்ப ஒடம்புல ஓடுறது அவன் ரத்தம், பாத்துக்க. கண்ண மூடுனா அதே நெனப்பு.

– சிதம்பரத்துல ரத்த வங்கியில வேல பாக்குற பொண்டாட்டிய வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சா இது? வெளிய சொல்லிடாதீங்க, என் மானம் போயிரும்.

– ஏன், என்ன தப்பு?

– அவரு கையிலேருந்து எடுத்து அப்படியே எனக்கு ஏத்திடுவாங்களா? டெஸ்ட் பண்ணணும். எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை, மலேரியா, எதுவும் இல்லன்னு தெரியணும். மெஷின்ல சுத்தவுட்டு சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மான்னு பிரிக்கணும். சிவப்பணு ஃப்ரிட்ஜுக்குப் போவும், பிளாஸ்மாவ ஒறைய வப்போம். தட்டணுவ மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

– தொட்டில்ல போட்ட மாதிரியா?

– ஒங்க மவளே தேவலாம். எனக்கு ஏத்துனது, யாரோ எப்பவோ குடுத்து, ஃப்ரிட்ஜுல தயாரா இருந்த பை. என் ரத்தத்தோட சேருதான்னு பாத்துட்டு ஏத்துனாங்க. மச்சான் குடுத்தது அதுக்குப் பதிலு. அது வேற யாருக்கோ போவும்.

– அப்ப அவன் ரத்தம் இல்லியா?

– இல்ல. மொகத்துல சிரிப்பப் பாரு!

– சரி... அந்த யாரோ, ஆம்பளையா பொம்பளையா?

– மாமா! பையில நம்பருதான் இருக்கும், பேரு இருக்காது. நம்பரு மேலயும் பொறாமையா?

– சும்மா கேட்டேன்.

– இவ்ளோ ரோஷம் இருக்கறவரு நீங்களே குடுத்திருக்கலாமே. ஊசிய நெனச்சி நழுவிட்டீங்கன்னு அம்மா சொல்லுது.

– நழுவலடி! மொத ஆளாப் போயி நின்னேன். என்னென்னவோ கேட்டாங்க. நீங்க குடுக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

– கூடாதுன்னா? ஏன்? மாமா, என்ன சீக்கு? நான் எத்தன பேர அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கைக்கொழந்த இருக்கு, மறைக்காம சொல்லுங்க!

– அழுவாத, தையல் புடுங்கும். சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல.

– பின்ன என்ன? வந்ததுலேருந்து பாக்குறேன், இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை? கையில என்ன?

– வளைகாப்பு அன்னிக்கு அவன் காடாம்புலியூர் பலாப்பழத்தோட வந்து, ஒன் பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சிக்கிட்டான். நீயும் சிரிச்ச. அப்பறம் அம்மா வூட்டுக்குப் பொறப்பட்டுட்ட. எனக்கு வூட்டுல இருப்புக் கொள்ளல. நேரா போயி... இந்தா, நீயே பாத்துக்க.

– பச்ச குத்தியிருக்கீங்களா? குத்துனா ஒரு வருஷத்துக்கு நாங்க ரத்தம் எடுக்க மாட்டோமே... இருங்க, கையக் காட்டுங்க. 'மாலதி'... அய்யோ மாமா, என் பேரா ஒங்களத் திருப்பி அனுப்புச்சி?